கல்லறை முன் தோற்ற பிரதமருக்கு

சாலெமோவா கிராமம்,
2016 ஜூலை 12.
இன்றைக்கு எனக்கு எழுபத்தெட்டு வயது, நான்கு மாதம், ஒன்பது நாள்.

மாண்புமிகு பிரதமரும், முதல் பல் விழுந்ததற்கு என் மடியில் படுத்து அழுதவனுமான மருமகன் இயோசுவாவுக்கு, அத்தை லூபே எழுதுவது. நீ நலம் என்பதைச் செய்தித்தாளில் உன் கன்னங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். என் நலத்தை நீ விசாரிக்கவில்லை. ஆகவே பதிலும் இல்லை.

ஆற்றுக்குப் பாலம் கட்டுவேன் என்று வாக்குக் கேட்டு வென்றவன் நீ. மூன்று ஆண்டு கழித்துப் போன வெள்ளிக்கிழமை ஒரு வரைபடம், ஒரு பொறியாளர், சைரன் அலறும் ஐந்து வண்டிகள் சகிதம் வந்தாய், அதுவும் ஊரே மாலைப் பிரார்த்தனைக்கு அமர்ந்து தெருவில் நாய்கூட நடக்கக் கூடாத வேளையில். நம் இளைஞர்கள் சங்கு ஊதி வண்டிகளை மறித்தார்கள், ஊர்த்தலைவர் பாகோவா உன்னை ஊர்ச் சபைக்கு இழுத்து ஐம்பது பெட்டி டின் மீன் அபராதம் விதித்தார், நாட்டின் காவல்துறையையே கையில் வைத்திருக்கும் நீ தலையாட்டிவிட்டு, பட்டத்தின் வரிசைப்படி தூண் கிடைக்கும் சபையில் உன் இளைய பட்டத்துக்கு உரிய கடைசித் தூணில் போய்ச் சாய்ந்துகொண்டாய்.

"பிரதமருங்கிற முறையில சொல்றேன்..." என்று ஆரம்பித்தாய்.

"அதெல்லாம் தலைநகர் அப்பியாவுல, தம்பி," என்றார் பாகோவா. "இங்க நீ கடைசித் தூணு. கடைசியாத்தான் பேசணும்."

சபையே சிரித்தது. உன் முறை வந்தபோது, கரையில் ஓரிடத்தில்தான் பாறை, மற்றதெல்லாம் மணல் என்றார் பொறியாளர். அந்தப் பாறைமேல்தான் என் கணவர் பெனியின் கல்லறை, விதவை சம்மதிக்காமல் அதை யாரும் தொடக்கூடாது என்றார் பாகோவா. ஓரமாக உட்கார்ந்திருந்த என்னை அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தீர்கள்.

"அத்தை, நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்," என்றாய்.

நான் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டேன். அவ்வளவுதான்! "விடுங்க, அத்தை அழறாங்க," என்று வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாய். வெட்கமாக இல்லையா உனக்கு? வெலிங்டனில் வரலாறு படித்த காலத்தில் தலையை இழந்த அரசர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். கைக்குட்டையிடம் தோற்றவனைப் பற்றி எந்தப் பாடத்திலும் இல்லை. உன் தங்கை லாகி முதல் குழந்தையை எப்படி இழந்தாள்? வெள்ளம் வடியட்டும் என்று இதே கரையில், ட்ரக்குக்குள் காத்துக் கிடந்து. ஜனவரியில் அடுத்தது. இம்முறை அறுவை சிகிச்சைதான் என்கிறார் மருத்துவர், மருத்துவமனையோ அக்கரையில். நேற்று அவள் கேட்கிறாள்:

"அத்தை, அண்ணன் நாட்டுக்கே பெரியவருங்கிறாங்களே, இந்த ஆத்துக்கு யாரு பெரியவரு?"

என்னத்தச் சொல்றது, நீயே சொல்லு!

கடவுள் உனக்கு நீண்ட ஆயுளையும், கூடவே ஒரு முதுகெலும்பையும் அருள்வாராக. உன் மனைவிக்கு என் அன்பு. உனக்கு உரை எழுதித் தருபவருக்கு என் அனுதாபம்.

இப்படிக்கு,
லூபே

பி.கு.: லாகிக்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்: ஆற்றுக்குப் பெரியவள் நான்தான். முப்பத்தோரு ஆண்டுகளுக்கு முன் நான் ஊருக்குச் சொன்னதுபோல் பெனி ஆக்லாந்து மருத்துவமனையில் இறக்கவில்லை. பாடகர் குழுத் தலைவியோடு அலாஸ்காவுக்கு விமானம் ஏறினார். ஊரார் துக்கம் விசாரிப்பதைத் தாங்குவேன், பரிதாபப்படுவதைத் தாங்கமாட்டேன். வெள்ளிக்கிழமை நான் அழவும் இல்லை, பொய் தெரிந்துவிடாமலிருக்க முகத்தை மறைத்தேன். இதைச் சபையில் உரக்கப் படி. கடைசித் தூணிலிருந்து படித்தாலும் கேட்கும். நான் ஆணியடித்துக் கப்பலில் கொண்டுவந்த அந்தச் சவப்பெட்டிக்குள் அவருடைய ஞாயிற்றுக்கிழமைக் காலணிகளும், எடைக்காகப் பன்னிரண்டு செங்கற்களும் மட்டுமே இருக்கின்றன. செங்கற்கள் நல்ல செங்கற்கள், பாலத்துக்கு ஆகும்.