கொடிமரத்து வெளக்கும் ஏழு மணிச் சோறும்

ஏசுராஜ் ஒரு முடிவுக்கு வந்தார். இந்த வருஷம் கொடிமரத்துக்கு வெளக்கு போடுகிற விஷயத்தில் பெண்டாட்டி வாயே திறக்கக் கூடாது.

முடிவெடுத்தது காலை ஐந்தரை மணிக்கு, பல் விளக்கும்போது. எஸ்தர் அப்போது மீன் எடுக்கப் போயிருந்தாள். பெரிய முடிவுகளையெல்லாம் அவர் அந்த நேரத்தில்தான் எடுப்பார்.

திருவான்மியூரை ஒட்டிய குப்பம். மணலும் ரோடும் சந்திக்கிற முனையில், ஏசுவை வளர்த்த சூசையப்பரின் கோயில். எதிரே சிமெண்டுத் தரையில் முப்பதடி இரும்புக் கொடிமரம். மார்ச்சில் திருவிழா. ஏற்றிய கொடி பத்து நாள் பறக்கும். போன வருஷம் பொழுது சாய்ந்தால் கொடி இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அதனால் வெளக்கு போடுவது என்று கமிட்டி கூடித் தீர்மானித்தது. யார் பொறுப்பு என்று கேட்டதும் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். ஏசுராஜ் மட்டும் கொட்டாவி விட்டார். வாய் திறந்திருந்ததால் பொறுப்பு அதற்குள் விழுந்தது.

இதில் ஒரு சிக்கல். கொடிமரத்துக்குப் பன்னிரண்டடி தள்ளி, கோயில் சுவரோரம், எஸ்தர் பலகை போட்டு மீன் விற்கிற இடம். முப்பத்தைந்து வருஷமாக அங்கேதான். அதற்கு முன்னால் ஏசுராஜின் அம்மா. குப்பத்தில் அது சட்டம் மாதிரி. மாமியார் உட்கார்ந்த இடத்தில் மருமகள் உட்காருவாள். வேறு யாரும் அங்கே உட்கார முடியாது. அவளும் வேறெங்கும் போய் உட்கார மாட்டாள்.

ஆனால் அந்த இடத்துக்கு வெளிச்சம் கிடையாது. ஆறரைக்கு இருட்டிவிடும். இருட்டில் செவுளைத் தூக்கிப் பார்க்க முடியாது. செவுளைப் பார்க்காமல் எவன் மீன் வாங்குவான்? பெருங்குடி ஆபீஸ்காரர்கள் பைக்கில் வருவது ஏழு மணிக்கு மேல். அதற்குள் எஸ்தர் கூடையைக் கட்டியிருப்பாள். மிச்ச மீன் ஐஸுக்குள் போகும். மறுநாள் அதை யாரும் மதிப்பதில்லை.

ஒரு வெளக்கு போட்டுக் கொடு என்று அவள் இரண்டு வருஷமாகக் கேட்கிறாள். இரண்டு வருஷமாக ஏசுராஜ் "பாக்கலாம்" என்கிறார். காரணம் வெளியே சொல்லும்படியானதல்ல. இருட்டினால்தான் எஸ்தர் வீட்டுக்கு வருவாள். வந்தால்தான் ஏழு மணிக்குச் சோறு. சுடு சோறு, குழம்பு. நாற்பது வருஷம் கடலில் ஆறிப்போன சோறு தின்ற மனிதர். இப்போது இடுப்பு போயிற்று. அதோடு கடலும் போயிற்று. மிச்சம் இருப்பது அந்த ஏழு மணி ஒன்றுதான். அதையும் விட்டுக்கொடுக்க அவர் என்ன புனிதரா?

விஷயம் அன்றைக்கே எஸ்தர் காதுக்குப் போய்விட்டது.

"இன்னாய்யா, கொடிக்கு வெளக்கு போடப் போறியாமே?"

"ஆமா."

"அப்படியே என் பலகை பக்கம் கொஞ்சம் சாச்சு வுடேன்."

"அது சாமி வெளக்கு. மீன் விக்கிறதுக்கு இல்ல."

"ஏசு கூட சுத்தினவங்கல்லாம் இன்னா, பூவா கட்டினாங்க? பாதிப் பேரு மீன்காரங்கதானே?"

"பைபிளை இழுக்காத."

"இழுக்கல. சூசையப்பரு பைபிள்ல ஒரு வார்த்தை பேசினதில்லையாம், சாமியார் பிரசங்கத்துல சொன்னாரு. வாயை மூடிக்கினு வேலையைப் பாத்தாரு. அதான் மனுசனுக்குக் கோயில் கட்டியிருக்கு."

ஏசுராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பதில் இல்லாதபோது அவர் சட்டை மாட்டுவது வழக்கம். கல்யாணமான நாளிலிருந்து நிறைய சட்டை மாட்டியிருக்கிறார்.

சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு லைட்டுக் கடை. ஆனந்தகுமார் என்ற கடைக்காரர் பத்து டப்பாக்களைப் பிரித்து வைத்தார்.

"ஃபோகஸ் லைட்டா, ஃப்ளட் லைட்டா?"

"என்ன வித்தியாசம்?"

"இது குறுகலா அடிக்கும். அது பரவலா அடிக்கும்."

"குறுகலா குடு. கொடி மேல மட்டும் விழணும். அக்கம்பக்கத்துல ஒரு பொட்டு சிந்தக் கூடாது."

"கடற்கரைன்னீங்களே. கொடி ஆடுமே ஐயா. காத்துல இந்தப் பக்கம் ஒரு வீச்சு, அந்தப் பக்கம் ஒரு வீச்சு. குறுகலா அடிச்சா வெளிச்சம் ஒரு இடத்துல நிக்கும், கொடி இன்னொரு இடத்துல நிக்கும்."

ஏசுராஜ் பெருமூச்சு விட்டார். பரவலாக அடிப்பதையே வாங்கினார். தண்ணீர் புகாதது, உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்காதது, மஞ்சள் வெளிச்சம். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். வெளக்கைக் கொடிமரத்தின் காலடியில் பதித்து, மேலே பார்த்து அடிக்க வேண்டியது. வெளிச்சம் வானத்துக்குப் போகும். பலகைக்கு ஒன்றும் மிஞ்சாது.

எலக்ட்ரீஷியன் ஜான்சன், தூரத்துச் சொந்தம், வந்து பதித்துக் கொடுத்தான். வெள்ளோட்டத்துக்குப் பழைய கொடி ஒன்றை ஏற்றினார்கள். ஆறே முக்காலுக்கு ஸ்விட்சைப் போட்டான். கொடி ஜொலித்தது. வானம் ஜொலித்தது. கடலில் பாதி ஜொலித்தது. எஸ்தரின் பலகை மட்டும் கும்மிருட்டு. அவள் கூடையைக் கட்டினாள். அன்றைக்கு ஏழு மணிச் சோறு ருசியாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் ஒரு பெண் வந்தாள். நிஷா. கல்லூரியில் படிக்கிறவள். ஆமை முட்டையிடும் மாதங்களில் கடற்கரையோரம் நடந்து முட்டைகளைக் காப்பாற்றுகிற கூட்டத்தைச் சேர்ந்தவள்.

"அங்கிள், இந்த லைட்டு கடலுக்குத் தெரியுது. ஆமைக்குஞ்சு வெளிச்சம் இருக்கிற பக்கம்தான் கடல்னு நெனச்சு ரோட்டுக்கு வந்துடும். வண்டியில அடிபட்டுடும்."

ஏசுராஜ் யாரிடம் வேண்டுமானாலும் முறைப்பார். ஆமையிடம் முடியாது. வலையில் ஆமை மாட்டினால் வலையை அறுத்து விடுகிற ஆள் அவர். புது வலையைக்கூட அறுத்திருக்கிறார்.

"இப்ப இன்னா பண்ணணும்ன்ற?"

"மரத்து உச்சியில மாட்டுங்க. ரோட்டுப் பக்கமா. மேல ஒரு மூடி போட்டு, நேரா கீழ பாத்து அடிக்கிற மாதிரி. கொடிக்கும் வெளிச்சம், கடலுக்கும் தெரியாது."

சொல்லிவிட்டுப் போனாள். அவள் கையிலிருந்த பையில் நண்டு அசைந்தது. அந்த நண்டைப் பற்றி ஏசுராஜ் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அவர் கவலை வேறு. கீழே பார்த்து அடித்தால் வெளிச்சம் தரையில் விழுமே?

ஜான்சனை மரத்தில் ஏற்றினார். தகரத்தில் மூடி செய்து மாட்டினார்கள். ஏசுராஜ் கயிறும் சாக்பீஸுமாகத் தரையில் நின்றார். வெளிச்சம் வட்டமாக விழுந்தது. வட்டம் சுருங்க மூடியை வளைக்கச் சொன்னார். இன்னும் வளைக்கச் சொன்னார்.

"மாமா, கை வலிக்குது மாமா. இன்னாதான் அளக்குற?"

"பேசாம வளைடா."

மரத்திலிருந்து வட்டத்தின் ஓரம் பத்தடி. எஸ்தரின் பலகை பன்னிரண்டடி. நடுவில் இரண்டடி சுத்தமான இருட்டு. ஏசுராஜ் அந்த இருட்டில் நின்று ஒரு பீடி பற்றவைத்தார். பல வருஷம் கழித்து ஜெயித்த மாதிரி இருந்தது.

எஸ்தர் வந்து பார்த்தாள். தரையில் சாக்பீஸ் வட்டம். அதற்கு வெளியே தன் பலகை. சண்டை போடுவாள் என்று அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றார்.

"நல்லாத்தான் கீது," என்றாள். "ஆனா நாளைக்கே எவனாச்சும் ஏறித் திருப்பி வுட்டா?"

"எவன் திருப்புவான்?"

"நானே ஜான்சனுக்கு ரெண்டு வஞ்சிரத் துண்டு குடுத்துத் திருப்பச் சொன்னா?"

ஏசுராஜ் மரத்து உச்சியை அண்ணாந்து பார்த்தார். இதை அவர் நினைக்கவே இல்லை.

"பங்குச் சாமியாரைக் கூப்ட்டு மந்திரிச்சுடுய்யா," என்றாள் எஸ்தர். "மந்திரிச்சுட்டா எவனும் கை வெக்க மாட்டான். நானும் வெக்க மாட்டேன்."

முப்பத்தைந்து வருஷத்தில் அவள் சொன்ன முதல் நல்ல யோசனை என்று அவருக்குப் பட்டது. அப்படிப் பட்டபோதே அவர் பயந்திருக்க வேண்டும்.

கொடியேற்ற நாள். பேண்டு வாத்தியம், வெடி, கூட்டம். சாமியார் ஜெபம் சொல்லிக் கொடிக்கும் மரத்துக்கும் வெளக்குக்கும் தீர்த்தம் தெளித்தார். ஏசுராஜ் மைக்கைப் பிடித்தார். வாழ்க்கையில் முதல் தடவை.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இது மந்திரிச்ச வெளக்கு. யாரும் தொடக் கூடாது. திருப்பக் கூடாது. நானே சொன்னாலும் திருப்பக் கூடாது."

முதலில் கை தட்டியது எஸ்தர்.

பூசை முடிந்து வீட்டுக்குப் போனார். தட்டைக் கழுவி வைத்தார். ஏழு மணி. ஏழே கால். ஏழரை. அடுப்பு குளிர்ந்து கிடந்தது. குழம்புச் சட்டி கவிழ்த்தபடி இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கொடிமரத்தடியில் கூட்டம். ஹெல்மெட் போட்ட ஆட்கள், தோளில் பை மாட்டிய பெண்கள். கூட்டத்தை விலக்கிப் பார்த்தார். வட்டத்தின் நட்டநடுவில் பலகை. பலகைக்குப் பின்னால் எஸ்தர். மஞ்சள் வெளிச்சத்தில் சங்கரா மீன் புதுப் பெண் மாதிரி மின்னியது.

"எஸ்தரு! இங்க இன்னாடி பண்ற? உன் எடம் அங்க!"

"எடம் அங்கியேதான் கீது. எவனும் தூக்கினு போவல."

"அது எங்கம்மா எடம்டி! முப்பத்தஞ்சு வருசம் நகராம குந்திக்கினு இருந்தியே!"

"காலையில அங்க. சாயங்காலம் இங்க. உங்கம்மா காலத்துல வெளக்கு இல்ல. இருந்திருந்தா அதுவும் இங்கதான் குந்தியிருக்கும். இன்னா சார் வோணும், நெத்திலியா? செவுளைப் பாரு, ரத்தம் மாதிரி கீது."

"டேய் ஜான்சா! ஏறித் திருப்புடா அதை!"

ஜான்சன் ஓரமாக நின்று வறுத்த வஞ்சிரம் தின்றுகொண்டிருந்தான்.

"மந்திரிச்சது மாமா. நீயே சொன்னாலும் திருப்பக் கூடாதுன்னு நீயே மைக்ல சொன்ன."

அப்போது நிஷா கூட்டத்துக்குள் நுழைந்தாள். "ஆன்ட்டி, லைட்டு நீங்க சொன்ன மாதிரியே வந்துடுச்சு போல."

"ஆமா கண்ணு. இந்தா, உனக்குப் பெரிய நண்டா எடுத்து வெச்சிருக்கேன். உன் ஆமைங்க நல்லா கீதுங்களா?"

"சூப்பரா இருக்குங்க ஆன்ட்டி."

ஏசுராஜ் நண்டைப் பார்த்தார். நிஷாவைப் பார்த்தார். தலைக்கு மேலே, சூசையப்பர் படம் போட்ட கொடி வெளிச்சத்தில் நிம்மதியாக ஆடிக்கொண்டிருந்தது. கால் வலித்தது. இடுப்பு வலித்தது. எல்லாவற்றையும் விட வயிறு வலித்தது.

"சோறு?" என்றார். குரலில் சண்டை எதுவும் மிச்சமில்லை.

"ஒம்பது மணிக்கு ஆக்கறேன். ஜனம் வரிசை கட்டி நிக்குது, பாக்கல?" எஸ்தர் ஒரு முக்காலியை அவர் பக்கம் தள்ளினாள். அன்னக்கூடை நிறைய எறாவை அவர் மடியில் வைத்தாள். "அந்தப் பெருங்குடி சாருக்கு ஒரு கிலோ உரி. முதுகுல இருக்கிற கறுப்பு நரம்பையும் எடுய்யா. தெரியலன்னு சொல்லாத, வெளிச்சம் நல்லாத்தான் போட்டிருக்க."