இலங்கையில் பன்றி விரட்டிய கதை

சுற்றுலா போகிறவன் சோப்பு, சீப்பு, சார்ஜர் எல்லாவற்றையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளலாம். தொழிலை மட்டும் வீட்டிலேயே வைத்துப் பூட்டிவிட்டுப் போக வேண்டும். நான் தொழிலையும் மூட்டை கட்டிக்கொண்டு போனேன். அதனால் அயல்நாட்டில் ஒரு சிறுத்தை தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடிப்போனது.

எனக்குத் திருச்சுழிப் பக்கம் ஆறு ஏக்கர் மானாவாரி நிலம். மக்காச்சோளம் போடுகிறேன். மனைவி வாசுகி அருப்புக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆகியும் நாங்கள் சேர்ந்து போன அதிகபட்ச தூரம் கொடைக்கானல். (அதுவும் அவளுடைய சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு. மண்டபத்தை விட்டு வெளியே வரவில்லை.) எங்காவது போகலாம் என்று முடிவானதும் எனக்குக் கடற்கரை வேண்டும் என்றேன். எங்கள் பக்கம் படுக்க நிழல் என்றால் சீமைக் கருவேலம்தான். அதற்கடியில் படுத்து எழுந்தவன் முதுகைக் காட்ட மாட்டான். தென்னை மரத்தடியில் சாய்வு நாற்காலி போட்டு ஒரு நாளாவது படுத்துவிட வேண்டும் என்பது என் ஆசை. வாசுகிக்குக் காடு வேண்டும்.

"ராமேஸ்வரத்துல இல்லாத கடலா? எனக்குச் சிறுத்தையப் பாக்கணும்ங்க" என்றாள்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. பன்னிரண்டு வருடமாக அவள் கரும்பலகையில் சிறுத்தை வரைந்து பாடம் நடத்துகிறாள். ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர், நீங்க நெசமாவே பாத்துருக்கீகளா?" என்று கேட்கும். இல்லை என்று சொல்லும்போது மானமே போகிறது என்பாள். அந்த அரையாண்டு லீவுக்கு முன்னால், "போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று ஏழாம் வகுப்புக்கு வாக்கு வேறு கொடுத்துவிட்டாள்.

மதுரையில் ஒரு டிராவல்ஸ்காரர் எங்கள் சண்டையைத் தீர்த்துவைத்தார். இலங்கைக்குப் பேக்கேஜ்: முதலில் காட்டுக்குள் ஜீப் சவாரி, பிறகு மூன்று நாள் கடற்கரை. அவளுக்கும் சரி, எனக்கும் சரி.

எனக்கு ஒன்றுதான் உறுத்தியது. மார்கழியில்தான் எங்கள் பக்கம் சோளக் கதிர் பால் பிடிக்கும். அந்த வாசத்துக்குப் பன்றிக் கூட்டம் வந்து இறங்கும். ஒரே இரவில் அரை ஏக்கரைப் படுக்கவைத்துவிடும். அந்த ஒரு மாதம் நாங்கள் மனிதர்களாக இருப்பதில்லை. நிலத்தில் சின்ன அசைவு தெரிந்தால் போதும், தகரத்தைத் தட்டி, தொண்டை கிழியக் கத்தி, பக்கத்து நிலத்துக்காரனை அந்தப் பக்கம் மடக்கச் சொல்லி ஓடுவோம். எனக்குப் பக்கத்து நிலத்துக்காரன் முருகேசன். அவனிடம் என் நிலத்தையும் ஒப்படைத்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன். மதுரை விமான நிலையத்திலிருந்து மூன்று தடவை போன் போட்டேன்.

"ஏலே, நீ ஊருக்குப் போறியா, இல்ல பன்னிகூடப் பேசப் போறியா? நான் பாத்துக்கிறேன், போலே" என்று வைத்துவிட்டான்.

மறுநாள் மத்தியானம் காட்டுக்குள் போனோம். ஜீப்பில் எங்களோடு கோயம்புத்தூர்க் கணவன் மனைவி, சென்னையிலிருந்து ஒரு ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். முன்னால் டிரைவரும், தடம் பார்த்துச் சொல்கிற டிராக்கர் ஒருவரும். டிராக்கருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். ஏறும்போதே விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். எழுந்து நிற்கக் கூடாது, பேசக் கூடாது, தும்மல் வந்தால்கூட விழுங்கிவிட வேண்டும். நான் தலையை ஆட்டினேன். எல்லாரையும்விட வேகமாக ஆட்டினேன் என்று வாசுகி இன்றைக்கும் சொல்கிறாள்.

மூன்று மணி நேரம் மான், மயில், எருமை. (மயிலைப் பார்க்க எங்கள் ஆட்கள் கடல் தாண்ட வேண்டியதில்லை.) கடைசியில் ஒரு குட்டை ஓரம் ஜீப்பை நிறுத்தி இன்ஜினை அணைத்தார்கள். எதிர்க்கரைப் புதரைக் காட்டி, "இருக்கு" என்றார் டிராக்கர், காற்று மாதிரி. வாசுகி பைனாகுலரைக் கண்ணில் வைத்தாள். அரை மணி நேரம் ஜீப்பில் யாரும் மூச்சுவிட்ட மாதிரியே தெரியவில்லை. காட்டுக்கு வந்து சேர விடியக்காலை நாலு மணிக்கே எழுந்து கிளம்பியதில் எனக்குக் கண் சொக்கியது.

அரைத் தூக்கத்தில் கண்ணைத் திறந்தேன். ஆள் உயரப் புல் அசைந்தது. உள்ளேயிருந்து ஒரு தாய்ப்பன்றி, அதன் பின்னால் வரிசையாகக் குட்டிகள்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. என் கைகால்தான் பொறுப்பு. சீட்டின் மேல் ஏறி நின்றுவிட்டேன். கையிலிருந்த எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலால் ஜீப்பின் இரும்புக் கம்பியை டங்கு டங்கு என்று அடித்தேன்.

"ஏஏஏய்! ஹோய்! ஹோய்! ஏலே முருகேசா, பன்னி எறங்கிருச்சுலே! அந்தப் பக்கம் மடக்குலே!"

பன்றிகள் சிதறின. குட்டையிலிருந்த கொக்கெல்லாம் கிளம்பின. புதருக்குள்ளிருந்து மஞ்சளாக ஒன்று பாய்ந்து, கரைமேல் ஒரு தாவு தாவி, காட்டுக்குள் மறைந்தது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று கோயம்புத்தூர் அம்மா கையைத் தட்டினார். பேங்க் மேனேஜர் பார்த்துவிட்டார். டிரைவர் பார்த்தார். நானே பார்த்தேன். வாசுகி பார்க்கவில்லை. அந்த நேரம் அவள் பின்பக்கம் திரும்பி, இரண்டு கையாலும் என் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டிருந்தாள்.

"முருகேசன்ங்கறது யாருங்க?" என்று கோயம்புத்தூர்க்காரர் மெதுவாகக் கேட்டார். நான் சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். டிராக்கர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என் பாட்டிலை வாங்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டார். "எங்க வயலுக்கும் பன்றி வரும் சார். நானும் கத்துறது. ஆனா டியூட்டியில கத்துறது இல்ல" என்றார்.

திரும்பி வரும் வழியில் வாசுகி பைனாகுலரைப் பைக்குள் போட்டு மூடினாள். கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். தூசிதான் என்று நானும் நம்பப் பார்த்தேன்.

கடற்கரை நான் கேட்டபடியே இருந்தது. தென்னை மரம், சாய்வு நாற்காலி, பச்சைத் தண்ணீர், எல்லாம். ஆனால் ஜீப்பில் வந்த அத்தனை பேரும் அதே ஓட்டலில்தான் தங்கினார்கள். கோயம்புத்தூர் அம்மா குட்டையை வீடியோ எடுத்திருந்தார். அதில் சிறுத்தை வருவது கண் சிமிட்டும் நேரம். மிச்சம் முழுக்க நான். அதை ஓட்டலில் எல்லாருக்கும் போட்டுக் காட்டிவிட்டார். முதல் நாள் காலை இட்லி எடுக்கப் போனால் பரிமாறுகிற பையன்கள் என்னைப் பார்த்து ஸ்பூனால் தட்டில் டங்கு டங்கு என்று தட்டினார்கள். எத்தனை வருடம் ஆசைப்பட்ட நாற்காலி! முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

அந்த அம்மா நல்ல மனதோடு வாசுகியிடமும் போனை நீட்டினார். "சிறுத்தை தெளிவாத் தெரியுதுங்க, பாருங்க."

"வேணாங்க. போன்லயே பாக்குறதா இருந்தா வீட்லயே பாத்துருப்பேன்" என்றாள் வாசுகி.

அதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையிலேயே வலித்தது. ஊரார் சிரித்தால் சிரிக்கட்டும். சாயங்காலம் அலை ஓரம் தனியாக நடந்தவள் பின்னால் போனேன்.

"தெரியாமப் பண்ணிட்டேன் வாசுகி."

"தெரியாமத்தான் பண்ணீங்க. அதான் கோவப்படக்கூட முடியல." கொஞ்ச தூரம் நடந்தாள். "புள்ளைகட்ட என்னத்தச் சொல்லுவேன்?"

அந்த நேரம் பார்த்து ஒரு அலை வந்து என் காலை வாரிவிட்டது. கரிசல்காட்டுக்காரனுக்கு அலையில் நிற்கத் தெரியாது. உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தபோது வாசுகி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளில் அதுதான் முதல் சிரிப்பு. இன்னொரு தடவை விழலாமா என்றுகூட யோசித்தேன்.

(முருகேசன் சோளத்தை முழுசாகக் காப்பாற்றியிருந்தான். அந்த வாரம் ஒரு பன்றிகூட வரவில்லையாம்.)

லீவு முடிந்து வகுப்புக்குப் போனவள், பார்க்கவில்லை என்பதையும் ஏன் பார்க்கவில்லை என்பதையும் உள்ளபடி சொல்லிவிட்டாள். அதிலிருந்து அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் யூனிபார்ம் போட்ட யாராவது என்னைப் பார்த்தால் முருகேசனைக் கூப்பிடாமல் போவதில்லை.

போன வருடம் மறுபடியும் இலங்கை போனோம். ஏற்பாடு அவளுடையது. அவளும் இரண்டு டீச்சர்களும் காட்டுக்கு. நான் நேராகக் கடற்கரைக்கு. மறுநாள் போன் வந்தது. "ஏங்க... பாத்துட்டேங்க. பாறைமேல உக்காந்துருந்துச்சு. பதினஞ்சு நிமிசம்." குரல் உடைந்திருந்தது. நாற்காலியை விட்டு எழுந்து, யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்க, இளநீர் வெட்டுகிறவரிடம் சொன்னேன்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று சாயங்காலம் அவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கேட்டேன்.

"சொன்னியா?"

"சொன்னேன். மூஞ்சி, வாலு, புள்ளி, எல்லாஞ் சொன்னேன்."

"புள்ளைக என்ன சொன்னாக?"

"'சரி டீச்சர், அது இருக்கட்டும். சாரு பன்னி வெரட்டுனதச் சொல்லுங்க'ன்னு ஒரே சத்தம்."

"நீ என்ன பண்ணே?"

"என்ன பண்றது? டஸ்டரால மேசையத் தட்டி, கத்திக் காமிச்சேன். பக்கத்துக் கிளாஸ் டீச்சர் பதறி ஓடி வந்துட்டாக."