எலண்டோரா நாட்டு மக்களும் அவர்களது தாகமும்

பழங்கால நாடுகள் உருவாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடித்ததற்குக் காரணம், அக்காலத்தில் நல்ல பில்டர்கள் கிடையாது என்பதுதான். எலண்டோரா என்னும் மகத்தான நாடு புனேயில், பாணேர் பகுதியில், ஹைவேக்குச் சற்று உள்ளே தள்ளி, கார் பார்க்கிங் வசதியோடு நாலே வருஷத்தில் உருவாகிவிட்டது. அந்நாட்டுக்கு மலை உண்டு, ஆறு உண்டு, பாலைவனமும் உண்டு. மலையில் ஜிம் இருக்கிறது.

'கற்பனைப் பேருலகில் குடியேறுங்கள்!' என்று விளம்பரம் கொடுத்து பில்டர் மூன்று டவர்களைக் கட்டினார். வடக்கு டவரிலிருந்து பார்த்தால் தூரத்தில் ஒரு குன்று தெரியும். ஆகவே அது பனிமுடி. நடு டவரின் வாசலில் நீல டைல்ஸ் பதித்த கால்வாய் ஒன்று வளைந்து நெளிந்து போகிறது. ஆகவே அது வெள்ளாறு. தெற்கு டவருக்கு முன்னால் கட்டுமான மணல் மிஞ்சிப்போய்க் குவிந்து கிடந்தது. அதை அள்ளுவதா வேண்டாமா என்று யோசித்த பில்டர், அந்த டவருக்குச் செம்மணல் என்று பெயர் சூட்டிவிட்டார். இதையெல்லாம் அவர் இங்கிலீஷில் சூட்டினார் என்பதால் இன்னும் கம்பீரமாக இருந்தது.

செம்மணலில் ஒன்பதாவது மாடியில் குடியிருந்தாள் கோதை. கோயமுத்தூர்க்காரி. ஐடி கம்பெனி ஒன்றில் எச்.ஆர். மேனேஜர். வேலையை விட்டுத் தூக்கப்படுகிறவன் அதைப் படித்து முடித்ததும் நன்றி சொல்லிவிட்டுப் போகிற மாதிரி கடிதம் எழுதுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இந்தத் திறமை ஒரு நாட்டுக்கே பயன்படப் போகிறதென்று அப்போது யாருக்கும் தெரியாது.

ஒருநாள் சாயங்காலம் அவள் மகள் சுப்ரஜா அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். மூன்றாம் வகுப்பு. புனேயிலேயே பிறந்தவள், தமிழ் கொஞ்சம் தடுக்கும்.

"அம்மா, என்னை ரிவர் கிட்ட விளையாட விடல. நான் டெசர்ட் பீப்பிளாம். நான் டச் பண்ணினா ரிவர் ட்ரை ஆயிடுமாம்."

"யாரு சொன்னது?"

"பனிமுடி கிட்ஸ். அவங்க எல்லாம் கிங்ஸ்."

கோதை மகளின் கண்ணைத் துடைத்துவிட்டாள். நீ என்ன ஆளு, எந்தத் தெரு என்று துருவிக் கேட்கிற ஊரெல்லாம் வேண்டாம் என்றுதான் அவளும் கணவன் முகுந்தும் புனேக்கு வந்திருந்தார்கள். இங்கே அப்படியெல்லாம் யாரும் கேட்பதில்லை. எந்த டவர் என்று மட்டும்தான் கேட்கிறார்கள்.

"பழகிடும் விடு," என்றான் முகுந்த், லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல்.

கோதை விடவில்லை. குடியிருப்போர் சங்கத்தின் 'பண்பாட்டுத் துணைக்குழு' அப்போது ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தது. அதில் போய்ச் சேர்ந்தாள். சேர்ந்த கையோடு 'எலண்டோரா: நிலமும் மக்களும்' என்று ஒரு வரலாறு எழுதிவிட்டாள். பனிமுடியர் குளிர்ந்த சிந்தையர். வெள்ளாற்றார் நுண்கலைகளில் வல்லவர். செம்மணலாரிடம் வந்தபோது அவளுக்கே கண் கலங்கிவிட்டது. 'தாகத்தை வென்ற வீரக்குடி. ஒரு குவளை நீரில் ஒரு பகலைக் கழிப்பர். தண்ணீர் கேட்பதை மானக்கேடாகக் கருதுவர்.'

புத்தகம் வண்ணப் படங்களோடு வெளிவந்தது. சங்கம் கோதைக்குச் சால்வை போர்த்தியது. சுப்ரஜா அம்மாவின் சிவப்புத் துப்பட்டாவைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு ஆற்றங்கரையில் நடைபோட்டாள். பனிமுடிப் பிள்ளைகள் தாங்களும் செம்மணலாராக முடியுமா என்று கெஞ்சினார்கள். கோதை பால்கனியில் நின்று அதைப் பார்த்துப் பூரித்துப்போனாள்.

அப்புறம் ஏப்ரல் வந்தது. தண்ணீர் டேங்கர்கள் வருவது குறைந்தது. கிளப்ஹவுஸில் அவசரக் கூட்டம் கூட்டினார்கள்.

சங்கத் தலைவர் ராம்பிரசாத் பனிமுடியின் உச்சி மாடிக்காரர். சென்னையிலிருந்து வந்து பல வருஷமாகிவிட்டது. அவர் தொண்டையைச் செருமினார்.

"மூணு டவருக்கும் தண்ணி பத்தாது. யாராவது விட்டுக்கொடுத்துதான் ஆகணும். யாருன்னு நான் சொல்ல மாட்டேன். நம்ம ஹிஸ்டரி சொல்லும்." கோதையின் புத்தகத்தைப் பிரித்து, 'தாகத்தை வென்ற வீரக்குடி' என்பதை உரக்க வாசித்தார். பலத்த கைத்தட்டல்.

கோதை பதறி எழுந்தாள். "சார், அது கற்பனைங்க!"

"நீங்களே அப்படிச் சொல்லலாமா மேடம்? போன மாசம்தானே சால்வை போட்டோம்?"

"எங்களுக்கும் தாகம் எடுக்குமுங்க!"

"நாளைக்கு நான் எந்திரிச்சு நின்னு எனக்கு வேர்க்குதுன்னா நல்லாவா இருக்கும்? நான் பனிமுடியன். ஏ.சி.யை இன்னும் கொஞ்சம் கூட்டி வெச்சுக்குவேனே தவிர வாயத் திறக்க மாட்டேன். மரபுன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அந்தக் கால்வாய்க்கு ஊத்தறதை நிறுத்தினாலே போதுமேங்க?"

வெள்ளாற்றுச் சாய்கிருஷ்ணா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஆறு இல்லேன்னா நாங்க யாரு மேடம்?" அதற்கும் கைதட்டிவிட்டுக் கூட்டம் கலைந்தது.

மறுநாளிலிருந்து செம்மணலுக்குக் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர். தலையில் ஷாம்பூ நுரையோடு கோதை குழாயைத் திருகினால் குழாய் பெருமூச்சு விட்டது. அதுகூடப் பரவாயில்லை. சுப்ரஜா தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள்.

"குடி கண்ணு. ஒதடெல்லாம் வெடிச்சுக் கெடக்குது பாரு."

"நோ அம்மா. நாங்க தண்ணி கேட்க மாட்டோம். நீதானே எழுதின?"

கோதைக்கு அன்றைக்குத்தான் பயம் வந்தது. அந்தச் சமயத்தில் அவளைக் காப்பாற்றியவள் ஜெபமணி. புனேயிலேயே வளர்ந்த தமிழ்க்காரி. காலையில் போபோடி ஏரியாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்துத் தரை துடைப்பவள். எலண்டோராவில் இப்படிப்பட்ட பெண்கள் எல்லோரையும் 'மௌஷி' என்று கூப்பிடுவார்கள். மராட்டியில் சின்னம்மா என்று அர்த்தம். சொந்தம் கொண்டாடுவதில் எலண்டோரியர்கள் தாராளமானவர்கள்.

"மேடம், கீழ பார்க்கிங்ல ஒரு நள் இருக்குல்ல, நாங்களும் வாட்ச்மேனுங்களும் தண்ணி குடிக்கற கொழாய்? அதுல ஃபுல்லா வருது. ரெண்டு பால்டி கொண்டாரவா?"

"கொண்டா மௌஷி, நல்லா இருப்பே!"

ஜெபமணி தினமும் சர்வீஸ் லிஃப்டில் வாளி வாளியாக ஏற்றினாள். கோதை குளித்தாள், முகுந்த் ஷேவ் செய்துகொண்டான். தண்ணீர் தளும்பத் தளும்ப வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கோதைக்கு வரலாற்று ஆய்வில் ஒரு மின்னல் வெட்டியது.

இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. 'அண்மையில் கிடைத்த சான்றுகளின்படி' செம்மணலார் உண்மையில் பனிமுடியருக்குப் பங்காளிகள் என்றும், காற்றுக்காக மணலில் தங்கியவர்கள் என்றும் அதில் நிறுவப்பட்டிருந்தது. தாகத்தை வென்றவர்கள் வேறோர் இனத்தார். அவர்கள் பெயர் அடித்தளத்தார். 'விடியலில் வெளியிலிருந்து வந்து, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடும் எளிய குடியினர். பேஸ்மெண்டில் காணப்படுவர். புறப்படுமுன் தம் ஊரில் நீர் அருந்திவிடுவது இவர்களின் தொன்மையான வழக்கம். பகலில் இவர்களுக்குத் தாகம் எடுப்பதில்லை.'

"பிரமாதம் மேடம்! யார் மனசையும் புண்படுத்தாம எழுதியிருக்கீங்க," என்றார் ராம்பிரசாத். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எதிர்த்து ஒரு குரல்கூட எழவில்லை. அடித்தளத்தார் கிளப்ஹவுஸுக்குள் வரக்கூடாது என்பது விதி.

பார்க்கிங் குழாய் அடைக்கப்பட்டது. அந்த ஒற்றைக் குழாயை அடைத்ததில் எவ்வளவு மிச்சம் என்று யாரும் கேட்கவில்லை. ஓர் இனத்தார் தாகத்தைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்ட பிறகு அதையெல்லாம் கேட்பது நாகரிகமாகாது. தாகத்துக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டதால் மூன்று டவர்களும் சமாதானமாகி, இருந்ததைச் சமமாகப் பிரித்துக்கொண்டன. ஆறும் ஓடியது. சுப்ரஜா தண்ணீர் குடித்தாள். கோதைக்கு இரண்டாவது சால்வை கிடைத்தது.

மே மாதத்தில் ஒரு நண்பகல். கோதை உள்ளறையில் கம்பெனி மீட்டிங்கில் இருந்தாள். சமையலறையில் பேச்சுக் குரல் கேட்டது.

"பாப்பா, அந்த ஃபில்டர்லேர்ந்து கொஞ்சம் பாணி புடிச்சுக் குடு. கீழ நள்ள அடச்சிட்டானுங்க. காலைலேர்ந்து தொண்டை சுக்காப் போச்சு." ஃபில்டரை ஜெபமணி தானாகத் தொடுவதில்லை. அப்படி யாரும் சொன்னதுமில்லை. சொல்ல வேண்டியிருந்ததும் இல்லை.

"உங்களுக்குத் தண்ணி வேண்டாம் மௌஷி," என்றாள் சுப்ரஜா, பாடம் ஒப்பிக்கும் குரலில். "நீங்க பேஸ்மெண்ட் பீப்பிள். உங்களுக்குத் தாகம் வராது. புக்ல இருக்கு."

"எந்த புக்குல பாப்பா?"

"அம்மா எழுதின புக்."

கோதை மீட்டிங்கை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். சமையலறை வாசலில் வந்து நின்றாள். எவ்வளவோ பேரைக் கடிதத்திலேயே சமாதானப்படுத்தி அனுப்பியவளுக்கு நேரில் ஒரு வார்த்தை வரவில்லை. வெட்கமாக இருந்தது. ஜெபமணி கையிலிருந்த பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"இருக்கட்டும் மேடம். புள்ள நல்லா படிக்குது."

"ஐயோ மௌஷி, இரு இரு, நான் தர்றேன்!"

கோதை அவசர அவசரமாக டம்ளர் தேடினாள். ஃபில்டருக்குப் பக்கத்திலேயே கண்ணாடி டம்ளர்கள் வரிசையாக இருந்தன. அவள் கை அவற்றைத் தாண்டிப் போய், கீழ்த்தட்டின் மூலையில் ஜெபமணிக்கென்று தனியாக வைத்திருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்தது.

எலண்டோராவின் பண்பாட்டில் கோதையின் கற்பனையில் பிறக்காதது அது ஒன்றுதான். அதை அவள் கோயமுத்தூரிலிருந்தே கொண்டுவந்திருந்தாள்.