என் கால்கள் நடித்த படம்

கேமரா முன்னால் நின்றாலே நடிப்பு தானாக வந்துவிடும் என்று நம்புகிற ஒருத்தன் எல்லாக் கல்லூரியிலும் இருப்பான். எங்கள் கல்லூரியில் அது நான்.

கடைசி வருஷம் பாட்டும் கூத்துமாக ஒரு காமெடிக் குறும்படம் எடுத்தேன். கதை, பாட்டு, டைரக்‌ஷன், ஹீரோ எல்லாம் நானே. (வேறு யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.) ஹீரோவுக்குப் பின்னால் தகர டப்பா தட்ட வகுப்புத் தோழன் ரகுவைப் போட்டேன். ஒல்லிக்குச்சி உடம்பு, பெரிய காது.

"உனக்கு டயலாக் கெடையாது மச்சான். என் மூஞ்ச மறைக்காம நில்லு, போதும்."

இன்றைக்கு அந்த ஒல்லிக்குச்சிக்குத்தான் கும்மிடிப்பூண்டியில் கட்அவுட் வைத்துப் பால் ஊற்றுகிறார்கள்.

சிப்காட்டில் ஒரு பட்டறை ஞாயிற்றுக்கிழமைக்குக் கிடைத்தது. கேமரா, கல்யாண வீடியோ எடுக்கும் என் மாமாவுடையது. சாயங்காலம் அவருக்குத் திருவள்ளூரில் ரிசப்ஷன். அதற்குள் முடிக்காவிட்டால் படமும் இல்லை, கல்லூரி விழாவில் நான் ஹீரோவும் இல்லை.

எல்லாம் தயாராகவே மத்தியானம் தாண்டிவிட்டது. முதலில் எடுத்தது கிளைமாக்ஸ். நான் பாடிக்கொண்டே வானத்தில் பறக்க வேண்டும். இரும்புச் சாமான் தூக்கும் கிரேன் கொக்கியில் என்னை பெல்ட் போட்டு மாட்டினார்கள். பட்டறை வயர்மேன் முனுசாமி அண்ணன் பட்டனை அமுக்கினார். விர்ரென்று மேலே போனேன். ஸ்பீக்கரில் பாட்டு. முதல் வரிக்குப் பிரமாதமாக வாயசைத்தேன். இரண்டாவது வரி மறந்துவிட்டது. (நானே எழுதிய பாட்டு!)

டைரக்டர் கெத்தோடு கத்தினேன்: "கட்!"

அந்தப் பட்டறையில் 'கட்டு' என்று எவன் கத்தினாலும் ஒரே அர்த்தம்தான்: கரண்டை நிறுத்து. முனுசாமி அண்ணன் பாய்ந்து மெயினை இறக்கினார். வேறு யாரும் போட்டுவிடக் கூடாதென்று, வழக்கம்போல ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

பாட்டு நின்றது. கிரேன் நின்றது. நான் தொங்கினேன்.

"டேய் ரகு, ஓடிப்போய் அவரை இட்டுக்கினு வாடா!"

"இரு மச்சான். கேமரா பேட்டரில ஓடிக்கினு கீது, வேஸ்ட் பண்ணக்கூடாது" என்றவன் டப்பாவைத் தட்டி, ஆடிக்கொண்டே பாட ஆரம்பித்தான்.

"ஹீரோ அண்ணன் மேல கீறாரு... எறங்க வழி தெரியாம நீந்துறாரு..."

கெட்ட வார்த்தையில் திட்டினேன். அதையும் தாளத்தில் சேர்த்துக்கொண்டான். கேமரா பிடித்த யூனுஸ் சிரித்த சிரிப்பில் பட்டறையே குலுங்கியது.

டீ முடிந்து அண்ணன் சாவகாசமாக வந்தார். "இன்னாபா, இன்னும் தொங்கிக்கினு கீற?"

"நீங்கதானண்ணே கரண்ட நிறுத்தினீங்க!"

"நீதான கட்டுன்னு கத்தின? தொங்கறதும் ஷூட்டிங்னு நெனச்சிக்கினேன்!"

இறங்கியபோது கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. அதற்குள் மாமா கேமராவைப் பிடுங்க வந்துவிட்டார். மிச்சம் இருந்தது அந்த ஒரே ஷாட். அதையே விழாவில் போட்டோம். அரங்கமே விசில். திரை முழுக்க ரகு. மேல் ஓரத்தில் உதைத்துக்கொண்டு இரண்டு கால்கள். பார்க்க வந்த ஒரு சினிமா டைரக்டர் ரகுவைக் கையோடு அழைத்துப் போனார். (கால்களை யாரும் விசாரிக்கவில்லை.)

ஆனால் என் உம்மா விடவில்லை. எனக்குப் பெண் தேடியபோது, "எம்புள்ள சினிமால நடிச்சவன்" என்று சொல்லி, பழவேற்காட்டில் ஒரு வீட்டுக்கு அந்த சிடியைக் கொடுத்தனுப்பிவிட்டார். அவர்களும் சம்மதித்தார்கள்.

இப்போதும் டிவியில் ரகு வந்தால் என் மனைவி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்வாள்:

"அந்த ரெண்டு காலப் பாத்துதான் சரின்னேன். மூஞ்சியும் தெரிஞ்சிருந்தா கட் சொல்லியிருப்பேன்."