ஊருக்கே கரண்ட் கொடுக்கிறவர்

மின்சாரத்தைப் பெற்றெடுத்தவர் என்று மனிதர்களில் ஒரு தனி இனம் இருப்பது உங்களுக்குத் தெரியுமா? எரிவாயு மின் நிலையத்தில் ஏதோ ஒரு வால்வுக்குப் பக்கத்தில் நாற்காலி கிடைத்தால் போதும்; அன்றிலிருந்து சுற்றுவட்டாரத்தில் எரிகிற ஒவ்வொரு பல்பும் அவருடைய சொந்தப் பிள்ளை.

பல் டாக்டரிடம் போனால், வாயைத் திறக்குமுன் தலைக்கு மேலுள்ள விளக்கைப் பார்த்து "நம்மளுதுதான்" என்பார். லிஃப்டில் ஏறினால், கூட வருகிறவர்கள் நன்றி சொல்வார்களா என்று முகத்தை முகத்தைப் பார்ப்பார். சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்குப் போடுகிற நேரத்தில், "சூரியன் போயாச்சு, காற்றாலையும் படுத்துடுச்சு, இனி நாங்கதான் தாங்கணும்" என்று இடுப்பைப் பிடித்துக்கொள்வார். அந்த நேரத்தில் மனைவி இஸ்திரிப்பெட்டியைத் தொடக் கூடாது. மனைவி தொடுவார். அது வேறு விஷயம்.

இப்படி ஒருவருடைய அம்மாவைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்த அம்மாவுக்கு ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் ஆகாது. மெஷினுக்குக் கரண்ட் இல்லாமல் ஆகாது. அவசரத்துக்கு ஒரு சிலிண்டர் வாங்கச் சொன்னேன். வாங்கினார். யாராவது பார்த்தால் மின் நிலையத்துக்கு அவமானம் என்று அதற்குத் துணி போர்த்தி வைத்தார்.

ஒரு மத்தியானம் மெஷின் கீச்சென்று கத்திவிட்டு நின்றது. நான் துணியை உருவினேன். அவர் குறுக்கே வந்தார்.

"பொறுங்க சிஸ்டர். கேஸ் பிளான்ட்னா அடுப்பு பத்த வைக்கிற மாதிரி. இதோ எழும்பிடும்."

"எதிர்வீட்டுல ஃபேன் ஓடுதே?"

"அது நாங்க குடுத்தது. இங்க வரலைன்னா லைன்காரன் தப்பு. நாங்க அனுப்பிட்டோம்!"

"டேய்," என்றார் அம்மா, நீலம் பாய்ந்த உதட்டோடு சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கி, "அனுப்புனது... யார் மூக்குக்குடா?"

பாவம், அம்மாவுக்கு விளங்கவில்லை என்று நினைத்து, படம் போட்டுக் காட்டப் பேப்பர் தேடினார் மகன். அவரை ஓரமாகத் தள்ளிவிட்டு சிலிண்டரைத் திறந்து குழாயை மாட்டினேன். அம்மாவுக்கு மூச்சு சீரான பிறகு, சாவகாசமாகக் கரண்ட் வந்தது. மகனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியாம்மா? குடுத்துட்டோம்!"

சிரிக்கிறீர்கள். உங்களுக்கு மின் நிலையத்தில் வேலை இல்லை. ஆனால் வீட்டில் ஒருவர் "இப்ப வேணும்" என்று கேட்டபோது, தப்பு உங்கள் பக்கம் இல்லை என்று விளக்கியதே இல்லையா? அடுத்த தடவை விளக்கும்போது பாதியில் நிறுத்தி, கேட்டுக்கொண்டிருப்பவரின் உதடு என்ன நிறத்தில் இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.