கலைமதியின் ஃபோலியோவில் கை வைத்த கதை

சரவணக்குமார் கார் வாங்கியே தீருவது என்று முடிவெடுத்ததற்குக் காரணம் குடுமியான்மலை கோபிநாத்.

சரவணக்குமார் அன்னவாசலில் மியூச்சுவல் ஃபண்ட் ஏஜென்ட். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு அறை, ஒரு ஃபேன், வாசலில் 'செல்வம் சேர்ப்போம்' என்று ஒரு போர்டு. பதினோரு வருஷமாக அந்த போர்டு ஊருக்குச் செல்வம் சேர்த்துக்கொண்டிருந்தது. போர்டு மாட்டியவருக்கு மட்டும் சேரவில்லை. யாரைப் பார்த்தாலும் ஒரே பிரசங்கம். "மாசம் ஆயிரம் போடுங்க. போட்டத மறந்துருங்க. பத்து வருஷத்துக்கு அங்கிட்டுத் திரும்பியே பாக்காதீங்க." கடைசியில் சந்தை அபாயம், ஆவணங்களைக் கவனமாகப் படிக்கவும் என்பதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார். கேட்பவர்களுக்கு அவர் தும்மியது போலத்தான் இருக்கும்.

கோபிநாத் துபாயில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். கையில் இருபது லட்சம். சரவணக்குமார் அவர் வீட்டுக்குப் போய் ஒன்றரை மணி நேரம் கூட்டு வட்டியை விளக்கினார். கோபிநாத் பொறுமையாகக் கேட்டார். டீ கொடுத்தார். வழியனுப்ப கேட் வரை வந்தவர், அங்கே நின்ற மொபெட்டைப் பார்த்தார்.

"இதுலயா வந்தீங்க?"

"பெட்ரோல் மிச்சங்க."

"எத்தன வருஷமா இந்த லைன்ல இருக்கீங்க?"

"பதினோரு வருஷங்க."

கோபிநாத் மொபெட்டை இன்னொரு முறை பார்த்தார். பிறகு சரவணக்குமாரைப் பார்த்தார். "சரி, சொல்லி அனுப்புறேன்" என்றார்.

சொல்லி அனுப்பவில்லை. இருபது லட்சமும் புதுக்கோட்டையிலிருந்து காரில் வந்த வேறொரு ஏஜென்டிடம் போய்விட்டது என்று திங்கட்கிழமை தகவல் வந்தது. அன்றைக்கே சரவணக்குமார் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினார். திருச்சி ரோட்டில் பழைய கார் விற்கும் இடத்தில் ஒரு வெள்ளைக் காரைப் பார்த்தார். எட்டு வருஷத்து வண்டி, விலை நாலே கால் லட்சம். கண்ணாடியை இறக்கி, முழங்கையை வெளியே வைத்து உட்கார்ந்து பார்த்தார். முழங்கைக்கு என்றே செய்த கதவு மாதிரி இருந்தது. பத்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். அது திருச்சியில் நர்சிங் படிக்கும் மகளின் ஹாஸ்டலுக்குக் கட்ட வைத்திருந்த பணம்.

மிச்சப் பணம் எங்கே இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். அவர் மனைவி கலைமதியின் ஃபோலியோவில், அதாவது அவள் பேரில் இருக்கும் ஃபண்ட் கணக்கில்.

கலைமதி வீட்டில் பிளவுஸ் தைப்பவள். ஊரில் மூன்று மகளிர் குழுக்களுக்கு அவள் சொன்னதுதான் வார்த்தை. அந்தக் குழுக்களில் நாற்பது பெண்கள் இவரிடம்தான் பணம் போட்டிருந்தார்கள். சரவணக்குமார் ஏஜென்ட் ஆன புதிதில் முதல் கணக்கு அவள் பேரில்தான் போட்டார். மாதம் இரண்டாயிரம், தையல் காசு. அது இன்றைக்கு ஐந்தரை லட்சமாக வளர்ந்து நின்றது. கணக்குத் தொடங்கும்போதே, 'அவளுக்கு எதுக்குத் தொந்தரவு' என்று தன் செல் நம்பரைத்தான் கொடுத்திருந்தார். அவளுடைய ஏ.டி.எம். கார்டும் ஆறு வருஷமாக அவர் பர்ஸில்தான் இருந்தது. அதாவது பூட்டு அவளுடையது, சாவிகள் மொத்தமும் இவருடையது.

இருந்தாலும் முதலில் முறையாகக் கேட்டுப் பார்ப்போம் என்று தையல் மெஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"கலை, மார்க்கெட் விழப்போகுது."

மெஷின் நிற்கவில்லை. "விழட்டும்."

"விழட்டுமா? ஒம் பணம்டி!"

"விழுந்தா அதே ரெண்டாயிரத்துக்கு யூனிட்டு கூடக் கெடைக்கும். குழுவுல நீங்கதான படம் போட்டுக் காட்டுனீங்க?"

"அது ஊருக்குச் சொல்றது."

"அப்ப நான் எந்த ஊரு?"

சரவணக்குமார் தொண்டையைச் செருமினார். "பதினோரு வருஷம் ஆச்சு. போதும். எடுத்து ஒரு அசெட்டுல போடுவோம். கண்ணு முன்னாடி நிக்கும்ல?"

"நிக்கிறதா, ஓடுறதா?"

சும்மா கேட்டிருப்பாள் என்று சமாதானம் செய்துகொண்டார்.

"ஏங்க, மியூச்சுவல்னா பரஸ்பரம்தான?"

"ஆமா."

"பரஸ்பரம்னா ரெண்டு பக்கமும் இருக்கணும்ல?"

"ஆமா. அதுக்கென்ன?"

"இல்ல, உங்க பக்கத்துல எவ்வளவு போட்டிருக்கீங்க?"

சரவணக்குமாருக்கு அவசரமாக ஒரு போன் வந்தது. அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

இனி கேட்டுப் பயனில்லை. புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு மாடி அறைக் கதவைச் சாத்தினார். மூன்று மணிக்குள் போட்டால்தான் அன்றைய விலை. அவள் ஃபோலியோவைத் திறந்து, 'முழுத் தொகையும் எடுக்க' என்ற இடத்தில் அழுத்தினார். ஆறு இலக்க ஓ.டி.பி. அனுப்பியிருப்பதாகத் திரை சொன்னது. போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். வரவில்லை. டவர் இல்லையோ என்று ஜன்னல் பக்கம் போய்ப் போனைத் தூக்கிப் பிடித்தார். மறுபடி அழுத்தினார். வரவில்லை. மூன்றாவது தடவை அழுத்தியதும் போன் அடித்தது. ஆனால் அது கலைமதி.

"ஏங்க, நான் பயந்தே போயிட்டேன்."

"என்னாச்சு?"

"எம் போனுக்கு ஆறு ஆறு நம்பரா மூணு தடவ வந்துருக்கு. எவனோ என் ஃபண்டுல இருந்து பணத்த எடுக்கப் பாக்குறான்."

சரவணக்குமார் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "ஒ… ஒம் போனுக்கா? ஏன் ஒம் போனுக்கு வருது?"

"போன மாசம் மகளப் பாக்கத் திருச்சி போனப்ப ஃபண்டு ஆபீஸ்ல எழுதிக் குடுத்து நம்பர மாத்துனேன். உங்களுக்கும் மெசேஜ் வந்துருக்குமே?"

வந்திருக்கும். அவர் எந்த மெசேஜைப் படித்தார்?

"இப்ப அந்தத் திருடன என்ன செய்யங்க?"

"திருடன் கிருடன்லாம் இல்ல. கம்ப்யூட்டர் கோளாறா இருக்கும்."

"கோளாறு மூணு தடவயா வரும்? என் பேரு தெரியுது. பான் நம்பர் தெரியுது. ஃபோலியோ நம்பர் தெரியுது. ரொம்ப வேண்டிய திருடனா இருப்பான் போல."

"கலை…"

"1930க்கு அடிச்சு சைபர் கிரைம்ல சொல்லிரட்டா? எந்தக் கம்ப்யூட்டர்ல இருந்து போட்டான்னு அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருவாங்களாம்."

"வேணாம்! வேணாம்டி! ஸ்டேஷன், கேஸுன்னு நமக்கெதுக்கு அலைச்சல்?"

"இல்லங்க, இந்த மாதிரி ஆள விட்டு வைக்கக் கூடாது. பிடிச்சு உள்ள போடணும்."

"பாவம், அவனுக்கும் குடும்பம் இருக்கும்."

"இருக்குங்குறீங்க?" என்று கேட்டாள் கலைமதி. "சரி, உங்க முகத்துக்காக விடுறேன். சாயங்காலம் வாரப்ப பெரிய ஊக்கு ஒரு பாக்கெட்டு வாங்கிட்டு வாங்க."

ஊக்கு வாங்கிக்கொண்டுதான் போனார். கலைமதி மெஷினை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். பதினோரு வருஷத்தில் பொழுது இருக்கும்போதே அவள் மெஷினை மூடி அவர் பார்த்ததில்லை.

"வண்டி என்ன கலரு?" என்றாள்.

"எந்த வண்டி?"

"வெள்ளையாமே. கார் கடைக்காரர் வீட்டு மீனம்மாளுக்கு அஞ்சு வருஷமா நான்தான் பிளவுஸு தைக்கிறேன். திங்கக்கிழம அட்வான்ஸ் குடுத்தீங்க. செவ்வாக்கிழம அளவு குடுக்க வந்துச்சு. 'வண்டிக்கு மால போட எப்ப வாரீங்க'ன்னு கேக்குது."

சரவணக்குமார் ஊக்குப் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் படிக்க அதிகம் ஒன்றுமில்லை.

"எல்லாம் தொழிலுக்குத்தான் கலை. கோபிநாத் என்ன பார்வை பாத்தான் தெரியுமா? மனுஷன மொபெட்டோட சேத்து எடை போடுறான். கார்ல போனாத்தான் மதிக்கிறாங்க. நாலு பெரிய ஆளு வந்தா ஒம் பணத்த ஒரே வருஷத்துல திருப்பி வச்சிருவேன்."

"கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேனே."

"மார்க்கெட்டு விழுதுன்னு சொன்னீங்க. கார் வேணும்னு எப்பக் கேட்டீங்க?"

அவர் ஊக்குப் பாக்கெட்டை ஸ்டூலில் வைத்தார்.

"எனக்குச் சிக்குன்குனியா வந்துச்சே, ஞாபகம் இருக்கா? வெரலு பத்தும் பப்பாளித் தண்டு மாதிரி வீங்கிக் கெடந்துச்சு. அந்த மாசம் மட்டும் விட்டுருவோம்னு சொன்னேன். நீங்க என்ன சொன்னீங்க? 'ஏஜென்ட் பொண்டாட்டி கணக்கே பவுன்ஸ் ஆனா எம் பேரு என்னத்துக்கு ஆகும்'னீங்க. அந்த வெரல வச்சுக்கிட்டு இருபத்தாறு பிளவுஸுக்குக் கொக்கி கட்டுனேன். உங்க பேரக் காப்பாத்த."

அழுதுகொண்டு சொல்லியிருந்தால் சரவணக்குமார் சமாளித்திருப்பார். அழுகைக்கு அவரிடம் வழி இருந்தது. அவள் பட்டன் விலை சொல்வது போலச் சொன்னாள்.

"இன்னொண்ணு கேக்குறேன். என் பணத்துல உங்களுக்குக் கமிஷன் உண்டா?"

"சேச்சே. ஒனக்குச் செய்றதுக்குக் கமிஷனா? சும்மா செஞ்சு குடுக்கிறதுதான்."

கலைமதி அவர் முகத்தையே பார்த்தாள். எதையோ பார்த்து முடித்தவள் போல எழுந்தாள்.

"அந்த ஏ.டி.எம். கார்ட இங்கிட்டுக் குடுங்க."

கொடுத்தார். ஆறு வருஷமாகப் பர்ஸில் இருந்ததால் அதன் அச்சு தோலில் அப்படியே பதிந்திருந்தது. "அட்வான்ஸு போச்சே" என்று முனகினார்.

"போகல. மீனம்மாள்கிட்டச் சொல்லித் திருப்பி வாங்கி ஹாஸ்டலுக்குக் கட்டிட்டேன். வண்டிய வேற ஆளு எடுத்துட்டாங்களாம்."

அதோடு முடிந்தது என்றுதான் சரவணக்குமார் நினைத்தார். கலைமதி சண்டை போடவில்லை. சோறு நேரத்துக்கு வந்தது. சட்டைப் பட்டன் அறுந்தால் தைத்து வைத்தாள். பத்து நாள் தலையைக் குனிந்து நடந்தவர், பதினோராவது நாள் விசிலடிக்கத் தொடங்கினார். என்ன இருந்தாலும் பொம்பளை மனசு, ஆறிவிட்டது என்று ஜெராக்ஸ் கடைக்காரரிடம் ஒரு தத்துவம்கூடச் சொன்னார்.

அடுத்த மாதம் பத்தாம் தேதி கமிஷன் ஸ்டேட்மென்ட் வந்தது. ஏழாயிரத்துச் சொச்சம் வரவேண்டிய இடத்தில் நாலாயிரம்தான் இருந்தது. கம்ப்யூட்டர் கோளாறு என்று இந்தத் தடவை நிஜமாகவே நம்பினார். பெயர்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். முதல் வரியில் பதினோரு வருஷமாக இருந்த கலைமதி என்ற பெயருக்கு எதிரே தொகை பாதியாகியிருந்தது. மகளிர் குழுப் பெண்கள் நாற்பது பேரையும் காணவே காணோம். எல்லாரும் ஏஜென்ட் இல்லாத நேரடித் திட்டத்துக்கு மாறியிருந்தார்கள்.

மொபெட்டை முறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"கலை! நாப்பது பேரு! யாரு செஞ்ச வேல இது?"

"கூட்டத்துல கேட்டாங்க, சொன்னேன். ஏஜென்ட் வழியாப் போட்டா வருஷா வருஷம் கொஞ்சம் அவருக்குப் போகும், நேராப் போட்டா அதுவும் நமக்கேன்னு. தப்பாச் சொல்லிட்டேனா?"

"தப்பு இல்ல. ஆனா… ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"ஏஜென்ட் பரீட்சைய நீங்க மூணு தடவ எழுதுனீங்க. மூணு தடவயும் புஸ்தகத்த வச்சுக் கேள்வி கேட்டது நான்தான? எனக்கு மொதத் தடவையே பதிலெல்லாம் மனப்பாடம் ஆயிருச்சு."

"அதுக்காக ஒங் கணக்கையுமா?"

"பாதிதான் மாத்துனேன். மொத்தமா மாத்துனா லாபத்துக்கு வரி வரும். மிச்சம் ஏப்ரல்ல புது வரி வருஷம் பொறந்ததும்." அவள் அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "எப்படியும் எங்கணக்குல உங்களுக்குக் கமிஷன் இல்லல்ல? அப்ப உங்களுக்கு ஒண்ணும் நட்டமில்ல."

சரவணக்குமார் வாயைத் திறந்தார். கமிஷன் உண்டு என்று சொன்னால், அன்றைக்குச் சொன்ன பொய் வெளியே வந்துவிடும். வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை இட்லி சாப்பிட உட்கார்ந்தவர் பக்கத்தில் அவளுடைய புது ஸ்டேட்மென்ட் கிடந்தது. ஆயுளில் முதல் முறையாக ஓர் ஆவணத்தை அவர் கவனமாகப் படித்தார். அடியில், அவளுக்குப் பிறகு பணம் யாருக்கு என்று சொல்லும் நாமினி இடத்தில் மகள் பெயர் இருந்தது. நூறு சதவீதம். கார் போனதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. கமிஷன் போனதும் வலிக்கவில்லை. இருபத்துமூன்று வருஷம் கூட வாழ்ந்தவள்.

"நாமினி எம் பேருதான இருந்துச்சு?" குரல் கொஞ்சம் உடைந்தே வந்தது. "எம் மேல அவ்வளவு கோவமா, கலை?"

"கோவமெல்லாம் ஒண்ணுமில்லங்க" என்றாள் கலைமதி. அவர் தட்டில் இன்னோர் இட்லியை வைத்து, சாம்பாரும் ஊற்றினாள். "எனக்கு முன்னாடி நீங்க போயிருவீங்கங்கிற ஒரு நம்பிக்கைதான்."