ஸ்கேனரை முன்னறைக்கு மாற்றியது குறித்து மைத்துனருக்கு

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனர் டெல்மர் அவர்களுக்கு,

ஓர்வில் எழுதுவது. நானும் உங்கள் தங்கை ஆர்டிஸும் நலம். ஏரியும் நலம், இன்னும் உறையவில்லை. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று ஆர்டிஸ் கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

சென்ற வியாழக்கிழமை, காலைக் காப்பிக்குப் பிறகு, நம் குடும்ப வரலாற்றில் ஒரு திருப்பம் நிகழ்ந்தது. ரேடியோ ஸ்கேனரைச் சமையலறைக் குளிர்பதனப் பெட்டியின் தலையிலிருந்து இறக்கி முன்னறைச் சன்னலோரம் வைப்பது என்று நாங்கள் இருவரும் ஒருமனதாக முடிவெடுத்தோம். முன்மொழிந்தவன் நான். வழிமொழிந்தவள் ஆர்டிஸ், "எங்கயாவது வச்சுத் தொலைங்க" என்ற சொற்களால். குளிர்பதனப் பெட்டியின் உறுமல் காதில் விழாதிருக்கச் சமையலறைக் கதவையும் சாத்திவைத்தோம். இந்த முடிவின் பின்னணியை நீங்கள் அறிந்தால்தான் அதன் கனம் புரியும்.

ஸ்கேனர் என்பது போலீஸ், தீயணைப்புப் படை, ஆம்புலன்ஸ், பனி வழிக்கும் லாரி எல்லாம் வானலையில் பேசிக்கொள்வதை வரிசையாகத் துழாவி, எங்கே பேச்சு கேட்கிறதோ அங்கே நின்றுவிடும் பெட்டி. எங்கள் மாவட்டத்தில் பாதி வீடுகளில் இது உண்டு. யாரும் இதை ஒட்டுக்கேட்பது என்று சொல்வதில்லை, அக்கறை என்றுதான் பெயர். எங்கள் மகள், உங்கள் மருமகள் கரின் ஊர்த் தீயணைப்புப் படையில் தொண்டராகச் சேர்ந்த வாரமே நான் ஒன்று வாங்கினேன். புதிதாகச் சேருபவர்கள் ஆறு மாதம் தகுதிகாண் காலத்தில் இருக்க வேண்டும். அது முடிந்ததும் மற்ற உறுப்பினர்கள் கூடி, இவரை வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று வாக்களிப்பார்கள். கரினுக்கு அந்த வாக்கெடுப்பு இன்று மாலை. அவள் எதையும் இவ்வளவு ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை, அவளுடைய கல்யாணம் உட்பட. ஆர்டிஸுக்கு மட்டும் இதில் இஷ்டமில்லை. வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. பாத்திரம் கழுவும் சத்தத்தில் சொன்னாள்.

ஆகவே தீ எங்கே என்று ஸ்கேனர் சொன்னதும் நாங்களும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். வேடிக்கை பார்க்க அல்ல. குளிரில் வேலை செய்யும் பிள்ளைகளுக்குக் காப்பி கொடுக்க. முதல் தடவை ஒரு வீட்டின் புகைபோக்கி எரிந்தது, கரின் ஏணியில் பாதி தூரம் ஏறியிருந்தாள். ஆர்டிஸ் காரிலிருந்து இறங்காமலேயே கண்ணாடியை இறக்கி, "கரின், கழுத்துப் பட்டனப் போடு" என்றாள். மொத்தப் படையும் ஒரு கணம் தத்தம் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. கரின் அன்று இரவு தொலைபேசியில் பேசவில்லை.

இரண்டாவது தடவை, மூடுபனி சூழ்ந்த ஒரு காலையில், ஒன்பதாம் எண் மாவட்டச் சாலையில் லூத்தரன் தேவாலயத்துக்கு அடுத்த பண்ணையில் கொட்டகை பற்றி எரிகிறது என்று ஸ்கேனர் கத்தியது. அது ஹார்லனின் கொட்டகை. ஹார்லனும் தீயணைப்புப் படைக்காரர்தான். ஆர்டிஸ் அடுப்பிலிருந்த ஹாட்டிஷ் தட்டை, மாட்டுக் கொத்துக்கறியும் காளான் சாறும் மேலே வறுத்த உருளைக்கிழங்கு உருண்டைகளுமாக, துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கொட்டகையை இழந்தவர்களுக்கு வேறு எதைக் கொண்டுபோவது? போய்ச் சேர்ந்தால் கொட்டகை அப்படியே நிற்கிறது. மாடுகள் எங்களைப் பார்த்தன. ஹார்லன் காலுறையோடு வெளியே வந்தார்.

"என்ன ஓர்வில், இந்நேரத்துல?"

"உங்க கொட்டகை எரியுதுன்னு கேள்விப்பட்டோம்."

ஹார்லன் திரும்பிக் கொட்டகையை நிதானமாகப் பார்த்தார். "இப்போதைக்கு இல்ல" என்றார். பிறகு தட்டைப் பார்த்தார். "இருந்தாலும் உள்ள வாங்க. சூடா இருக்குபோல."

கொண்டுவந்த ஹாட்டிஷைத் திருப்பி எடுத்துப்போகும் வழக்கம் இந்த மாநிலத்தில் கிடையாது. தீ விபத்துக்கு ஆளாகாத குடும்பத்தோடு உட்கார்ந்து, தீ விபத்துக்கான சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். ஹார்லன் இரண்டு முறை போட்டுக்கொண்டார். அப்புறம் எழுந்துபோய்ப் படைத் தலைவர் லெஸ்டருக்குத் தொலைபேசியில், தன் கொட்டகை எரிகிறதா என்று எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டார்.

மறுநாள் லெஸ்டர் எனக்குப் பேசினார். மரியாதையான மனிதர், சுற்றிவளைத்துத்தான் வந்தார். வானிலை, மீன், என் காரின் சக்கரம் எல்லாம் விசாரித்துவிட்டு, "அண்ணே, கரின் நல்ல பொண்ணு. நம்ம பசங்ககூடச் சொல்றாங்க, கரினுக்கு ஓட்டுப் போட்டா அப்பா அம்மாவும் சேந்து வருவாங்களா, இல்ல தனித்தனியான்னு" என்றார். "சும்மா தமாஷுக்குத்தான் அண்ணே." இந்த ஊரில் யாரும் தமாஷுக்குத் தமாஷ் செய்வதில்லை. என் பெண்ணின் ஆறு மாத உழைப்பு என் காப்பிக் குடுவையில் மூழ்கிக்கொண்டிருப்பது எனக்கு விளங்கியது.

அந்த வாரமே பல் வைத்தியர் மெரிலிடம் எனக்கு முறை இருந்தது. மெரில் உரிமம் பெற்ற வானொலி ஆர்வலர், நோயாளி வாயைத் திறந்திருக்கும்போது மட்டும் அதைப் பற்றிப் பேசுவார். நான் பேச முடியாத நிலையில் எனக்குத் தெளிவு பிறந்தது. விஷயம் இதுதான்: அலைவரிசைகள் குறைவு, ஊர்கள் அதிகம். ஆகவே நூறு மைல் தள்ளி இருக்கும் இன்னொரு மாவட்டமும் நம் தீயணைப்புப் படையின் அதே அலைவரிசையில்தான் பேசுகிறது. சாதாரண நாளில் அது இங்கே எட்டாது. இளஞ்சூடும் மூடுபனியுமாக இருக்கும் காலைகளில் மட்டும் அலை வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இரண்டும் குழம்பாதிருக்க, ஒவ்வொரு படையும் தன் பேச்சுக்கு அடியில் காதுக்கு எட்டாத ஒரு மெல்லிய முனகலைக் கலந்து அனுப்புகிறது. அதற்குப் பெயர் டோன். ஸ்குவெல்ச் என்பது பெட்டியின் வாயில்காப்பாளன். வெறும் ஸ்குவெல்ச் யார் வந்தாலும் கதவைத் திறக்கும். டோனைச் சொல்லிவைத்தால் அந்த முனகலோடு வருபவருக்கு மட்டும் திறக்கும், மற்றவர்கள் வெளியே நின்று எவ்வளவு கத்தினாலும் திறக்காது. "மத்தவங்க பேசலன்னு அர்த்தம் இல்ல ஓர்வில், நம்ம காதப் பொத்திக்கிட்டோம்னு அர்த்தம். கொப்பளிச்சுத் துப்பு" என்றார் மெரில்.

டெல்மர், இத்தனை வயதில் எனக்குத் தூக்கம் கெட்டது இதற்காகத்தான். எங்கள் படையின் டோன் எது என்று கரினைக் கேட்கலாம், கேட்டால் நான் இன்னும் கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்துவிடும். ஆனால் தேவை இல்லை. வரும் பேச்சின் டோன் எதுவென்று பெட்டியே துழாவி எண்ணாகக் காட்டும். ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த எண் பூட்டிக்கொள்ளும். கையேட்டை மூன்று முறை படித்தேன், ஆர்டிஸுக்கு ஒரு முறை உரக்கப் படித்துக் காட்டினேன், அவள் தூங்கிவிட்டாள். வியாழக்கிழமை விடியலில் கதகதப்பாக, ஏரியே தெரியாத மூடுபனி. பெட்டி உயிர்பெற்றது. மெயின் தெருவில், டிரினிட்டி லூத்தரன் தேவாலயத்துக்கு எதிரில், ஒரு கார் கம்பத்தில் மோதியிருப்பதாக ஒரு பெண் குரல். மெயின் தெரு எங்களுடையது. டிரினிட்டி லூத்தரன் எங்களுடையது, நான் அங்கே காணிக்கைத் தட்டு ஏந்துபவன். இதற்குமேல் என்ன சான்று வேண்டும்? திரையில் எண் தெரிந்தது, பொத்தானை அழுத்திப் பூட்டினேன். அதற்குப் பிறகுதான் காப்பி, அந்த வரலாற்று முடிவு எல்லாம்.

பலனைக் கேளுங்கள். அன்று மதியமே வடக்கிலிருந்து குளிர்காற்று வந்தது, வெள்ளி, சனி, ஞாயிறு, இன்று என ஒரு சத்தம் இல்லை. வேற்று மாவட்டம் தொலைந்தது. எங்கள் ஊரிலும் தீ என்பதே ஒழிந்துவிட்டது போலத் தெரிகிறது. நாங்கள் எங்கும் போகவில்லை, யாருக்கும் காப்பி தரவில்லை. ஆர்டிஸ்கூட, "கரின் இன்னைக்கும் வீட்டுலதான் இருக்காபோல" என்று முகம் மலர்ந்தாள். இடையிடையே கீச்சிட்டு என்னை எழுப்பிவிட்டுக்கொண்டிருந்த புகை எச்சரிக்கைக் கருவியையும் கழற்றி இழுப்பறையில் போட்டேன். இப்போது வீட்டில் சத்தம் போட உரிமையுள்ளது ஸ்கேனர் மட்டுமே. நீங்களும் உடனே ஒன்று வாங்கி, இதே முறையில் பூட்டிக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். இந்த நிம்மதியை எந்த மருத்துவரும் தர முடியாது.

வாக்கெடுப்பு இந்நேரம் தொடங்கியிருக்கும். வெற்றிக்காக ஆர்டிஸ் ஒரு ஹாட்டிஷ் அடுப்பில் வைத்திருக்கிறாள். இருவரும் சன்னலோரம் ஸ்கேனரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறோம். உங்கள் வீட்டில் எல்லோரும் ஆயுள் ஆரோக்கியத்தோடும், சுத்தமான அலைவரிசையோடும் இருக்க எங்கள் வாழ்த்துகள்.

உங்கள் தங்கையின் கணவன்,
ஓர்வில்

பி.கு.: மேலே உள்ளதை உறையில் போடுவதற்குள் கதவைத் திறந்துகொண்டு கரின் வந்தாள், தலைக்கவசத்தோடு.

"அப்பா, வெளிய வாங்க."

"ஓட்டு முடிஞ்சுதாம்மா?"

"அடுக்களை எரியுது. அம்மா, நீயும் எழுந்திரு."

நான் ஸ்கேனரைப் பார்த்தேன். "அப்படி ஒண்ணும் சொல்லலையேம்மா" என்றேன். அவள் என் இடுப்பு வாரைப் பிடித்துத் தூக்கிப் புல்தரையில் கொண்டுவந்து வைத்தாள், அடுத்து அவள் அம்மாவை. ஏரியின் எதிர்க்கரையில் இருக்கும் பில்லிஸ் எங்கள் சமையலறைச் சன்னலில் புகையைப் பார்த்து அழைத்திருக்கிறார். மாதக் கூட்டத்துக்காக மொத்தப் படையும் தீயணைப்பு நிலையக் கூடத்தில் இருந்ததால் மொத்தப் படையும் வந்திருந்தது. அடுப்பும் திரைச்சீலைகளும் போயின. ஹார்லன் கருகிய தட்டை ஏந்திக்கொண்டு வெளியே வந்து, "இதுவும் எனக்குத்தானா?" என்றார். லெஸ்டர் ஸ்கேனரைத் தூக்கித் திரையைப் பார்த்தார். "அண்ணே, இது அந்த மாவட்டத்தோட டோன். அங்கயும் மெயின் தெரு இருக்கு. அங்கயும் டிரினிட்டி லூத்தரன் இருக்கு. நாலு நாள்ல நாங்க ஆறு தடவ வெளிய போயிட்டு வந்தாச்சு." ஆர்டிஸ் போர்வைக்குள்ளிருந்து, "ஆறா?" என்றாள். ஆகவே டெல்மர், மேலே சொன்ன முறையைத் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம்.

வாக்குச் சீட்டுகள் கூடத்து மேசையிலேயே கிடந்தன. எல்லோரும் இங்கேதானே இருக்கிறோம், கையைத் தூக்கி முடித்துவிடலாம் என்றார் லெஸ்டர். கரினைச் சேர்த்துக்கொள்ள எல்லா உறுப்பினர்களும் கை தூக்கினார்கள். எதிர்ப்பவர்கள் உண்டா என்று கேட்டபோது ஆர்டிஸ் கை தூக்கினாள். அவள் உறுப்பினர் இல்லை என்பதால் அது எண்ணப்படவில்லை.